கூண்டுக்குள் யார்?

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (விலங்கியல்)

சுறா என்ற சொல்லைக் கேட்டவுடன் நம்மில் பெரும்பாலோர்க்கு இரண்டே காட்சிகள்தாம் தோன்றுகின்றன. ஒன்று, தட்டில் உதிர்ந்து கிடக்கும் சுறாப் புட்டு. மற்றொன்று, திரையில் வாயைப் பிளந்துகொண்டு பாய்ந்து வரும் பெருவெள்ளைச் சுறா. முன்னதை நாம் உண்கிறோம். பின்னதைக் கண்டு நடுங்குகிறோம். இரண்டும் ஒரே குலத்தைச் சேர்ந்த உயிர்கள் என்பதை எண்ணிப் பார்ப்பவர் சிலரே.

அண்மைக்காலத்தில் நம் மாணவ நண்பர்களிடையே ஒரு புதிய ஆசை தலைதூக்கியிருக்கிறது. தென்னாப்பிரிக்காவிலோ ஆஸ்திரேலியாவிலோ இரும்புக் கூண்டுக்குள் நின்று கடலில் இறங்கி, பெருவெள்ளைச் சுறாவை முகத்துக்கு முகம் பார்த்து வரவேண்டும் என்பதே அது. கைப்பேசியில் ஒருவர் அந்தக் காட்சியைக் காட்ட, பத்துப் பேர் சுற்றி நின்று வியக்கின்றனர். 'இதல்லவோ வீரம்!' என்கிறார் ஒருவர். 'இதை நம் கடலிலும் தொடங்கினால் மீனவருக்கு வருமானம், நாட்டுக்கு அந்நியச் செலாவணி' என்கிறார் இன்னொருவர். இவ்விரண்டு கூற்றுகளையும் சற்றே உரைத்துப் பார்ப்பதுதான் என் நோக்கம்.

கூண்டின் கதையிலிருந்தே தொடங்குவோம். 1963ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், தென் ஆஸ்திரேலியக் கரையில் ஈட்டியால் மீன் குத்தும் போட்டி ஒன்றில் கலந்துகொண்டிருந்த ராட்னி ஃபாக்ஸ் என்ற இளைஞரைப் பெருவெள்ளைச் சுறா கவ்வியது. மார்பும் நுரையீரலும் கிழிந்த நிலையில் அவர் உயிர் பிழைத்தது ஒரு விந்தை. அதைவிடப் பெரிய விந்தை, பிழைத்தவர் பழிவாங்கப் புறப்படாமல் அந்த மீனைப் பார்த்து அறியப் புறப்பட்டது. அதற்காக அவர் வகுத்த வழிதான் கூண்டு. 1975இல் வெளிவந்து உலகையே கடலுக்கு அஞ்ச வைத்த 'ஜாஸ்' திரைப்படத்துக்கு உயிருள்ள சுறாக்களைப் படம்பிடிக்க உதவியவர்களுள் அவரும் ஒருவர். அச்சத்தை வளர்த்த படத்துக்கும் அச்சத்தைத் தணிக்க வந்த கூண்டுக்கும் ஒரே மனிதர் துணை நின்றிருக்கிறார்!

கூண்டு வேலை செய்யும் முறை எளிது. மீனெண்ணெயும் இரத்தமும் மீன் துண்டும் கலந்த கூழைப் படகிலிருந்து கடலில் ஊற்றுவார்கள். அந்த வாடை நீரோட்டத்தோடு நெடுந்தூரம் செல்லும். சுறா அந்த வழியைப் பிடித்துக்கொண்டு வரும். அது அருகில் வந்ததும் கயிற்றில் கட்டிய இரையைக் கூண்டின் முன்னே ஆட்டி இழுப்பார்கள். கூண்டுக்குள் இருப்பவர் கண்ணாடி அணிந்து தலையை நீருக்குள் அமிழ்த்திப் பார்த்துக்கொள்ளலாம். பல இடங்களில் நீச்சல்கூடத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. நன்றாகக் கவனியுங்கள்: அழையாமல் வந்த மீன் அன்று அது. விருந்தென்று கூப்பிட்டு, வந்தபின் இலையை இழுத்துக்கொள்ளும் ஏற்பாடு இது.

சுறாவின் மூக்கைச் சுற்றிலும் சிறு துளைகள் உண்டு. லோரன்சினி நுண்குடுவைகள் என்று நம் பாடநூல் கூறும் உறுப்புகள் இவையே. மற்ற உயிர்களின் தசையில் எழும் மிக நுண்ணிய மின்னோட்டத்தையும் இவற்றால் அது உணரும். இரையை நெருங்கிய கடைசிக் கணத்தில் வழிகாட்டுவன இவை. கூண்டின் கம்பியை அது கடிப்பதைக் கண்டு நாம் கோபம் என்கிறோம். இரும்பும் உப்புநீரும் சேருமிடத்திலும் மின்னோட்டம் எழும் என்பதை மறந்துவிடுகிறோம். மேலும் ஒன்று: சுறாவுக்குப் பின்னோக்கி நீந்தத் தெரியாது. 2016இல் மெக்சிகோவின் குவாடலூப் தீவருகே இரையைக் கவ்விய வேகத்தில் ஒரு பெருவெள்ளைச் சுறா கூண்டுக்குள் புகுந்துவிட்டது. உலகம் முழுவதும் அந்தக் காட்சியைப் பார்த்து, 'தாக்குதல்' என்று அலறியது. அது தாக்கவில்லை, திரும்ப வழியின்றித் தவித்தது. உள்ளிருந்த மனிதர் காயமின்றித் தப்பினார். மூன்றாண்டுகள் கழித்து அதே தீவில் இன்னொரு சுறாவின் தலை கம்பிகளுக்கிடையே சிக்கியது. அது விடுவித்துக்கொண்டபோது செவுளிலிருந்து இரத்தம் பெருக, ஆழத்தில் இறங்கி மறைந்தது. 2023 ஜனவரியில் மெக்சிகோ அரசு அத்தீவில் இந்தச் சுற்றுலாவையே தடை செய்துவிட்டது.

எனவே, வீரம் என்ற சொல்லை இதற்குக் கொடுக்க எனக்கு மனமில்லை. வீரத்தைப் பார்க்க வேண்டுமானால் அவ்வளவு தூரம் போகவேண்டியதுமில்லை. மன்னார் வளைகுடாவைப் பார்த்தால் போதும்.

பல நூற்றாண்டுகள் நம்மவர்கள் அங்கே முத்துக் குளித்தார்கள். காலில் கல்லைக் கட்டி, இடுப்பில் கயிற்றைக் கட்டி, மூச்சை அடக்கி எட்டுப் பத்துப் பாகம் இறங்கி, ஏறத்தாழ ஒரு நிமிடத்துக்குள் சிப்பிகளை அள்ளிப் பைக்குள் போட்டுக்கொண்டு மேலே வருவார்கள். ஒரு நாளில் இப்படிப் பலமுறை. கூண்டு இல்லை, குழாய் இல்லை, கண்ணாடி இல்லை. கடலில் சுறாவோ நிறைய உண்டு. அவர்களுக்கு இருந்த ஒரே காவல், கடல்கட்டி.

கடல்கட்டி என்பவர் மந்திரத்தால் சுறாவின் வாயைக் கட்டுபவர். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இவ்வழியே சென்ற மார்க்கோ போலோ இவர்களைக் குறித்து எழுதியிருக்கிறார். எடுத்த முத்தில் பத்திலொரு பங்கு அரசனுக்கு. இருபதிலொரு பங்கு மந்திரம் ஓதுவோருக்கு. அந்த மந்திரம் பகலுக்கு மட்டுமே என்பதும், இரவில் கட்டை அவிழ்த்துவிடுவார்கள் என்பதும் அவர் தரும் செய்தி. ஏன் தெரியுமா? இரவில் எவரும் திருட்டுத்தனமாக முத்துக் குளிக்கக் கூடாதல்லவா! மந்திரத்துக்குள் இப்படியொரு காவல்துறை ஏற்பாட்டைச் செருகிவைத்த மூளையை என்னென்பது!

வெள்ளையர் ஆட்சியிலும் இவர்கள் இருந்தனர். இலங்கையில் அரசுச் செயலாளராக இருந்த எமர்சன் டென்னண்ட் 1859இல் வெளியிட்ட தம் நூலில், அரிப்பு என்னும் ஊரில் நடந்த முத்துக்குளிப்பை விவரிக்கிறார். கடல்கட்டியின் சடங்கு முடியாமல் ஒருவரும் நீரில் இறங்கமாட்டார்கள். அந்த ஆற்றல் ஒரே குடும்பத்தில் வழிவழியாக வருவது. அப்போதைய தலைவர் கத்தோலிக்கர். மந்திரத்துக்கு மதம் ஒரு தடையாக இருந்ததில்லை. டென்னண்ட் போன சமயத்தில் அவருக்கு உடல்நலம் இல்லை. பதிலாக ஓர் ஆளை அனுப்பியிருந்தார். வந்தவரோ, தமக்கு மந்திரம் ஏதும் தெரியாது என்றும், ஆனால் தாம் மேலிடத்தின் பிரதிநிதியாக வந்திருப்பதைச் சுறாக்கள் உணர்ந்து மதித்து நடக்கும் என்றும் உறுதி கூறினாராம். நம் அலுவலகங்களில் 'அதிகாரி விடுப்பில் இருக்கிறார், நான்தான் பொறுப்பு' என்று சொல்பவர்களுக்கு இவரே மூதாதையர் போலும்.

சிரித்துவிட்டு இதைக் கடந்து போகக்கூடாது. அதே டென்னண்ட் இன்னொன்றும் எழுதுகிறார். பிரித்தானியர் இலங்கையைக் கைக்கொண்டது முதல் அவர் எழுதும் காலம்வரை, முத்துக்குளிப்பில் சுறாவால் நேர்ந்ததாக உறுதியாகத் தெரிந்த விபத்து ஒன்றே ஒன்றுதானாம். ஒரு சிறிய பரப்பில் அத்தனை பேர் ஓயாமல் குதித்து எழுவதால் எழும் ஆரவாரமே சுறாவை விலக்கியிருக்கும் என்பது அவர் ஊகம். அந்த ஊகம் சரியென்றே எனக்கும் படுகிறது. கடல்கட்டி கட்டியது சுறாவின் வாயை அன்று, குளிப்பவனின் அச்சத்தை. அந்த அச்சம் கட்டுண்ட பிறகு, மனிதனும் சுறாவும் ஒரே நீரில் அவரவர் வேலையைப் பார்த்தார்கள். இன்றைய கூண்டுக்காரர் செய்வதும் அச்சத்துக்குக் கூலி வாங்கும் தொழில்தான். வேறுபாடு ஒன்று: கடல்கட்டி அச்சத்தைத் தணித்து இருபதிலொன்று வாங்கினார், இவர் அச்சத்தைக் கிளறிவிட்டு முழுத் தொகையும் வாங்குகிறார்.

தூத்துக்குடியின் முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. கடல்கட்டிகளும் போயினர். இப்போது சுறாக்கள் போய்க்கொண்டிருக்கின்றன.

இதை நான் புத்தகத்திலிருந்து மட்டும் சொல்லவில்லை. ஆழ்வார்பேட்டையில் எங்கள் தெருவுக்கு நொச்சிக்குப்பத்திலிருந்து ஓர் அம்மா மீன்கூடை கொண்டுவருவார். எல்டாம்ஸ் சாலையின் மாடி வீடுகளுக்கு வஞ்சிரமும் இறாலும். பின்னாலிருக்கும் எங்களைப் போன்றோர்க்குக் காரப்பொடியும் கிழங்காவும். பால் சுறா எப்போதாவதுதான். ஏன் என்று கேட்டேன். 'முன்னெல்லாம் ஆள் உசரம் வரும் கண்ணு. இப்போ மொழம் இருந்தா பெருசு. அதுவும் குட்டியா வருது. குட்டியப் புடிச்சா அப்புறம் எங்க இருந்து வரும்?' என்றார். இனப்பெருக்க உயிரியலில் ஒரு பருவம் முழுவதும் நாங்கள் படித்ததை ஒரே வரியில் முடித்துவிட்டார்.

மத்தியும் கானாங்கெளுத்தியும் ஆயிரக்கணக்கில், இலட்சக்கணக்கில் முட்டையிடும். சுறா அப்படியன்று. பால் சுறா ஏறத்தாழ ஓராண்டு சுமந்து ஒன்று முதல் எட்டுக் குட்டிகள்வரை ஈனும். பெருவெள்ளைச் சுறாவின் பெண் மீன் முதிர்ச்சியடைய முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். பெயர் மீன் என்றாலும் பெருகும் முறையில் இது ஆடுமாட்டுக்கு நெருக்கம். மந்தையில் பாதியை ஒவ்வோர் ஆண்டும் வெட்டினால் தொழுவம் என்ன ஆகும்? உலகம் முழுவதும் ஆண்டுக்குப் பத்துக் கோடி சுறாக்கள் கொல்லப்படுவதாக 2013இல் வெளியான ஆய்வொன்று மதிப்பிட்டது. சீண்டாமலே சுறா தாக்கி இறக்கும் மனிதரோ பெரும்பாலான ஆண்டுகளில் பத்துப் பேர்கூட இல்லை. யார் யாருக்கு அஞ்சவேண்டும்?

நமக்கு அருகிலேயே ஒரு சான்று இருக்கிறது. புதுச்சேரியின் பெயரையே தாங்கிய ஒரு சுறா உண்டு. பாண்டிச்சேரிச் சுறா என்றே உலக அறிவியல் அதை அழைக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் முல்லர், ஹென்லே என்ற இரு செர்மானிய அறிஞர்கள் அதை விவரித்தனர். உலக அருங்காட்சியகங்களில் உள்ள மாதிரிகள் மொத்தம் இருபதுகூட இல்லை. கடைசி மாதிரி கிடைத்தது 1979இல். நம் ஊர்ப் பெயருடைய மீன் நம் கண்ணில் படாமலே மறைந்துபோயிருக்கக் கூடும். அதற்காக எவரும் படம் எடுக்கவில்லை. எந்தக் கூண்டும் இறங்கவில்லை. பட்டினப்பாலையில் பரதவர் சுறாவின் கொம்பை நட்டு வழிபட்டதாக வருகிறதே, அந்தக் கொம்பு வேளா மீனுடையது என்று கருதுவோர் உண்டு. அந்த வேளாவும் இன்று அழிவின் விளிம்பில்.

பால் சுறாவைப் பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டும். அதன் ஆங்கிலப் பெயரும் 'பால் சுறா' என்பதன் நேர் வடிவமே; தாய்ப்பால் ஊறும் என்ற நம் நாட்டு நம்பிக்கையிலிருந்துதான் அப்பெயர் பிறந்ததாம். என் அக்காவுக்குக் குழந்தை பிறந்தபோது எங்கள் ஆயா, விலை பாராமல் சுறா வாங்கிப் புட்டு செய்துபோட்டார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறியவன் நான் ஒருவன்தான். ஆகவே படித்ததைச் சொல்லும் பொறுப்பும் என்மேல் விழுந்தது. கடலின் உணவுச் சங்கிலியில் மேலே இருக்கும் உயிரின் உடலில் பாதரசம் சேர்ந்துகொண்டே போகும், பெரிய சுறாக்களில் அது மிகுதி, அமெரிக்காவில் கருவுற்ற தாய்மாரும் பாலூட்டும் தாய்மாரும் சுறாவைத் தவிர்க்கவேண்டும் என்று அரசே சொல்கிறது என்றெல்லாம் விளக்கினேன். ஆயா பொறுமையாகக் கேட்டுவிட்டு, 'உங்க அம்மாவுக்கு இதத்தான்டா ஆக்கிப் போட்டேன். நீ நல்லாத்தானே கீற?' என்றார். அறிவியலுக்கு அங்கே தோல்விதான். ஆனால் பெரிய சுறாவை விட்டுச் சிறு மீனாக வாங்குவது என்ற அளவுக்கு ஒரு சமாதானம் ஏற்பட்டது. உண்மையில் அந்த உயிர்களுக்கும் நமக்கும் இடையே நடக்கவேண்டிய பேச்சு இப்படிப்பட்ட அடுப்படிகளில்தான் இருக்கிறது. இரும்புக் கூண்டில் இல்லை.

இனி, வருமானம் என்ற வாதத்துக்கு வருவோம். எங்கள் விரிவுரையாளர் ஒருவரே வகுப்பில் இதை எடுத்துரைத்தார். செத்த சுறா ஒருமுறைதான் விலைபோகும். உயிருள்ள சுறா ஆண்டுதோறும் காசு தரும் என்பது அவர் கருத்து. இதில் உண்மை இல்லாமலில்லை. தென்னாப்பிரிக்கா 1991இலேயே பெருவெள்ளைச் சுறாவைச் சட்டத்தால் காத்தது. அதன் கரையிலுள்ள கான்ஸ்பாய் என்னும் மீனவர் ஊர் கூண்டுத் தொழிலால் உலகப் புகழ் பெற்றது. சுறாவைக் கொல்வதைவிடப் பார்ப்பது மேல் என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

ஆனால் 2017ஆம் ஆண்டு முதல் நடந்ததைப் பாருங்கள். ஓர்க்கா என்னும் கொலைத் திமிங்கலங்கள் இரண்டு அக்கரைக்கு வந்து, பெருவெள்ளைச் சுறாக்களைக் கொன்று ஈரலை மட்டும் தின்றுவிட்டுப் போயின. மற்ற சுறாக்கள் அவ்விடத்தை விட்டு அகன்றன. கூண்டுப் படகுகள் வேறு இனச் சுறாக்களைக் காட்டிப் பிழைக்கவேண்டியதாயிற்று. ஒரே ஒரு மீனின் முகத்தை நம்பி ஓர் ஊரின் பிழைப்பைக் கட்டினால் இதுதான் நேரும். மேலும், பெருவெள்ளைச் சுறா குளிர்ந்த கடலை நாடும் மீன். நம் கரைக்கு உரியதன்று. இங்கே கூண்டு இறக்கினால் எதைக் காட்டப்போகிறோம்? கரையோரம் இரத்தக் கூழை ஊற்றி, அதே நீரில் சங்கு குளிப்பவர்களையும் வலை இழுப்பவர்களையும் வைத்துக்கொண்டு சுறாவைப் பழக்குவதா? படகும் கூண்டும் வாங்க முதல் போடுபவர் யார், இலாபம் எடுப்பவர் யார்? குப்பத்து இளைஞனுக்கு மிஞ்சுவது கூழ் கலக்கும் வேலையாகத்தான் இருக்கும்.

சட்டத்தால் மட்டும் தடுத்துவிடலாம் என்போரும் உண்டு. அதையும் நாடு பார்த்துவிட்டது. 2001 ஜூலையில் மத்திய அரசு எல்லாச் சுறா, திருக்கை இனங்களையும் ஒரே ஆணையில் காப்புப் பட்டியலில் சேர்த்தது. மீனவர்கள் கொதித்தெழுந்தார்கள். டிசம்பரிலேயே பட்டியல் பத்து இனங்களாகச் சுருங்கிற்று. பாண்டிச்சேரிச் சுறாவும் வேளாவும் அப்பத்தில் இடம்பெற்றன. 2015இல் சுறாத் துடுப்பு ஏற்றுமதி தடை செய்யப்பட்டது. 2022இல் சட்டம் திருத்தப்பட்டபோது மேலும் பல இனங்கள் சேர்ந்தன. ஒவ்வொரு முறையும் அடி விழுந்தது கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர் போன்ற ஊர்களில். நூற்றுக்கணக்கான தூண்டில் கோத்த நீண்ட கயிற்றோடு வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கிச் சுறா பிடிப்பதில் அவர்களுக்கு இணையில்லை. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வீசியபோது அப்பகுதியிலிருந்து சென்ற பலர் திரும்பவே இல்லை. அவர்களைக் கொன்றது சுறா அன்று. அத்தகையோரைக் கேளாமல் டெல்லியில் எழுதும் பட்டியல் துறைமுகத்தில் செல்லுபடியாவதில்லை. மீனைத் துண்டு போட்டுக் கொண்டுவந்துவிட்டால் எது எந்த இனம் என்று யார் கண்டார்கள்?

எனக்குப் பிடித்த வழி குஜராத்தில் இருக்கிறது. உலகிலேயே பெரிய மீனான திமிங்கலச் சுறாவை (நம் தென்கரையில் அம்மிணி உளுவை) அங்கே எண்ணெய்க்காகவும் இறைச்சிக்காகவும் கொன்று குவித்தார்கள். 2001 மே மாதம் சட்டம் அதைக் காத்தது. சட்டத்தோடு நின்றிருந்தால் ஒன்றும் நடந்திராது. 2004இல் இந்திய வனவிலங்கு அறக்கட்டளையும் வனத்துறையும் சேர்ந்து தொடங்கிய இயக்கத்தில், கதை சொல்வதில் பெயர்பெற்ற மொராரி பாபு மீனவரிடையே பேசினார். பிரசவத்துக்குத் தாய்வீடு வரும் மகளை வெட்டுவீர்களா என்பதே அவர் கேள்வி. மீனவர்கள் வலையில் சிக்கிய மீனை விடுவிக்கத் தம் வலையையே அறுத்தார்கள். அறுந்த வலைக்கு அரசு ஈடு கொடுத்தது. இப்படி நூற்றுக்கணக்கான திமிங்கலச் சுறாக்கள் கடலுக்குத் திரும்பியிருக்கின்றன. அந்த மீன் நுண்ணுயிரைத் தின்னும் சாது; அதனிடம் பாசம் வருவது எளிது. கொம்பன் சுறாவை மகள் என்று அழைக்க எந்தக் கதைசொல்லியும் முன்வருவாரா என்பது கேள்விதான். ஆனால் வலைக்கு ஈடு கொடுக்கப் பாசம் தேவையில்லை, பணம் போதும். பாக் விரிகுடாவில் கடற்பசுவை விடுவிக்கும் மீனவருக்கு நம் தமிழக அரசு ஏற்கெனவே வெகுமதி தருகிறது. 2022இல் அங்கே கடற்பசுவுக்கெனக் காப்பகமும் அறிவித்தது. அதே கையை வேளாவுக்கும் கொம்பனுக்கும் நீட்டுவதில் என்ன தடை? கூண்டுச் சுற்றுலாவுக்கு முதல் திரட்ட நினைப்போர் அந்தப் பணத்தில் சிறுபகுதியை இதற்குத் திருப்பட்டும்.

அதற்கு முதலில் எது எங்கே எவ்வளவு பிடிபடுகிறது என்ற கணக்கு வேண்டும். மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் துறைமுகந்தோறும் அந்தக் கணக்கை எடுத்து வருகிறது. அதன் சென்னை மையம் நமக்கு எட்டும் தூரத்தில், சாந்தோம் நெடுஞ்சாலையில்தான் இருக்கிறது. இத்தனை நீண்ட கரைக்கு அவர்கள் ஆட்கள் எத்தனை பேர் இருந்தாலும் போதாது. நாமோ ஆண்டுதோறும் செய்முறைத் தேர்வுக்காக, ஃபார்மலினில் ஊறி நிறம் வெளுத்த அதே ஒரு சுறாவை வரைந்து கொடுத்துக்கொண்டிருக்கிறோம். அதன் கழுத்துச் சீட்டில் பிடிபட்ட இடமும் நாளும் அழிந்துபோய் எத்தனை ஆண்டுகளோ!

நம் துறை மாணவர்கள் முறைவைத்து ஞாயிறுதோறும் பட்டினப்பாக்கத்துக்கும் மாதம் ஒருமுறை காசிமேட்டுக்கும் போய், கரையிறங்கும் சுறாக்களின் நீளம், ஆண் பெண், கருவுற்றதா இல்லையா, மீனவர் அதற்குச் சொல்லும் பெயர் ஆகியவற்றை எழுதிவரலாம் என்று துறைத் தலைவரிடம் விண்ணப்பம் கொடுத்திருக்கிறேன். ஆழ்வார்பேட்டையிலிருந்து பட்டினப்பாக்கம் மிதிவண்டியில் கால்மணி நேரம். விடியற்காலையில் படகுகள் கரையேறும்போது அங்கே நிற்கவேண்டும். ஏலம் முடிந்தபின் போனால் தலையும் செதிலும்தான் மிஞ்சும். அளவுநாடாவும் நோட்டுப் புத்தகமும் வாங்கி வைத்திருக்கிறேன். வர விரும்புவோர் நம் வகுப்புப் பிரதிநிதியிடம் பெயர் கொடுக்கலாம். கைலியில் வந்தாலும் தடையில்லை, ஆனால் நனையும்.